பேராதனையில் எங்களோடு நின்ற அக்காவுக்கு

அம்மாவுக்குக் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் நோவு. கொட்டாவி விட்டாலே வாய் பூட்டிக்கொள்ளும். விசேட வைத்தியரைப் பார்க்க மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் ஏறி, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போனோம். எங்களுக்குச் சிங்களம் ஓடாது.

அக்கா, நீங்களும் மகனோடு வரிசையில் இருந்தவர்தான். நாங்கள் முழிப்பதைப் பார்த்து, கேட்காமலே எழும்பி வந்தீர்கள். "சாப்பிடேக்க டக்கென்று சத்தம் கேக்குமா? நித்திரையில பல்லு நெருமுவீங்களா?" என்று தெரிந்த தமிழில் அம்மாவிடம் விசாரித்து, டொக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். அப்புறம் சோற்றைப் பருப்போடு நன்றாகக் குழைத்து, சின்னக் கரண்டி ஒன்றும் தேடிக்கொண்டு வந்தீர்கள். பெரிய கரண்டி அம்மாவின் வாய்க்குள் போகாது என்பதைக்கூடக் கவனித்திருக்கிறீர்கள்!

இப்போது அம்மாவுக்கு நோவு நல்லாக் குறைவு. கண்டிப் பக்கம் உள்ளவர்கள் இதை அந்த அக்காவிடம் சேர்த்துவிடுங்கள். அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறா, அக்கா. மிக்க நன்றி.