அந்த 7 நிமிடங்களில் யாரும் இயக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

செவ்வாய்க் கிரகத்தில் ரோவர்கள் (ஆய்வு ஊர்திகள்) இறங்கிய வரலாறு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலருடன் சேர்ந்து படித்தேன். அதில், 2021 பிப்ரவரி 18 அன்று நாசா விஞ்ஞானிகள் பூமியிலிருந்தே இயக்கி பெர்சிவரன்ஸ் ரோவரை அங்குள்ள ஜெசீரோ பள்ளத்தில் இறக்கினார்கள் என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அன்று செவ்வாயிலிருந்து வானொலிச் சமிக்ஞை பூமிக்கு வர 11 நிமிடங்களுக்கு மேல் ஆனது. ரோவரைச் சுமந்து சென்ற கலம் செவ்வாயின் காற்றுமண்டலத்தில் நுழைந்து தரையைத் தொடவோ ஏறத்தாழ 7 நிமிடங்களே ஆயின. நுழைந்துவிட்டது என்ற செய்தி இங்கு வந்தபோது, ரோவர் நல்லபடியாகவோ நொறுங்கியோ தரையைச் சேர்ந்து 4 நிமிடங்கள் ஆகியிருக்கும். பாராசூட்டை எப்போது விரிப்பது, எந்த இடத்தில் இறங்குவது என்பதையெல்லாம் கலமே முடிவு செய்தது.

காற்றைப் பற்றியும் கட்டுரை போதிய அளவு சொல்லவில்லை. எங்கள் நீலகிரியில் காற்றழுத்தம் சற்றுக் குறைவதற்கே, குக்கர் இல்லாமல் பருப்பு வேக நெடுநேரம் ஆகிறது. செவ்வாயில் அந்த அழுத்தம் நம் கடல்மட்டத்தில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மணிக்கு 19,500 கி.மீ. வேகத்தில் வரும் கலத்தைத் தகிக்கச் செய்ய அது போதும், நிறுத்தப் போதாது. 21.5 மீட்டர் பாராசூட் விரிந்த பிறகும் வேகம் மணிக்கு 320 கி.மீ. அளவுக்கே குறைந்ததால் ராக்கெட்டுகள் தேவைப்பட்டன. அவை தரையருகே வந்தால் புழுதியை வாரி இறைக்கும் என்பதால், ராக்கெட்டுகள் பொருத்திய இறங்குகலம் மேலேயே இருந்தபடி, ஒரு டன் எடையுள்ள ரோவரை நைலான் கயிறுகளில் தொங்கவிட்டு இறக்கியது.

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மேகமூட்டத்தில் இறங்கும் ஓட்டுநர், பழகிய பாறையையும் மரத்தையும் வைத்தே தான் வந்த இடத்தை அறிவார். பெர்சிவரன்ஸும் தன் கேமரா கண்டதை, செவ்வாயைச் சுற்றிவரும் கலங்கள் எடுத்த படங்களிலிருந்து முன்பே உருவாக்கிய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆபத்தில்லாத இடம் நோக்கி விலகிச் சென்றது. 2016இல் செவ்வாயில் இறங்க முயன்ற ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி கலமோ, 3.7 கி.மீ. உயரத்தில் இருக்கும்போதே தரைக்கு வந்துவிட்டதாகத் தவறாகக் கணக்கிட்டு விழுந்து நொறுங்கியது. குறுக்கிட்டுத் திருத்த எவராலும் இயலவில்லை.

இயக்கினார்கள் என்று படித்ததும் பிள்ளைகள் ரிமோட் காரைத்தான் நினைத்தார்கள். நேரக்கூடியவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் யோசித்து, முன்கூட்டியே கணினிக்குள் எழுதிவைத்தவர்களின் உழைப்பு அவர்கள் கண்ணில் படவே இல்லை. ஆகவே அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதோடு, இறக்கத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் உயரமும் வேகமும் எவ்வளவு என்று காட்டும் படம் ஒன்றையும் தமிழில் அச்சிட வேண்டுகிறேன். அதை வெட்டி எங்கள் ஊர்ப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கோத்தகிரி.