சொன்னதற்குப் பிறகும் கதை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர்கள் போன்றோரின் வாழ்க்கையைச் சொல்லும் குயர் சிறுகதைகளுக்கென்றே சென்ற இதழை ஒதுக்கியிருந்தீர்கள். மிகுந்த ஆசையோடு படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலான கதைகள் ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகின்றன. மகன் அம்மாவிடம் உண்மையைச் சொல்கிறான், அம்மா அழுகிறாள், அப்பா கதவைச் சாத்துகிறார், கதை முடிகிறது. ஒன்றிரண்டில் தற்கொலை. தன்பால் ஈர்ப்புள்ள எனக்கு அந்த வலி நன்றாகவே தெரியும். ஆனால் வீட்டில் சொன்ன மறுநாளும் பொழுது விடியத்தானே செய்கிறது? காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுவது, வாடகை வீட்டுக்காரர் கேட்டால் கூட இருப்பவரை யார் என்று சொல்வது? நமக்கும் ஓர் இடம் உண்டு என்ற நம்பிக்கை இங்கேதான் துளிர்க்கிறது, இங்கேதான் அடியும் வாங்குகிறது. சிறுகதைக்கு இதைவிடத் தோதான களம் வேறென்ன?

இதைத் தொட்டது அந்த மருத்துவமனைக் கதை மட்டும்தான். ஐசியூவுக்குள் போக ஒரே ஒரு பாஸ். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வந்து இறங்குகிறார். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் தங்கையின் துணைவியிடம் பாஸை நீட்டி, "நீங்க போங்க, உங்களைத்தான் தேடுவா" என்கிறார். அதற்காக அவர் அடியோடு மாறிவிடவும் இல்லை. அடுத்த பக்கத்திலேயே பில் விஷயத்தில் அவளிடம் எரிந்து விழுகிறார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சோகமாக முடிந்தால்தான் யதார்த்தம் என்று சிலர் சொல்லலாம். ஆனால் ஆங்கில எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டர் 1913-14இல் எழுதிய 'மோரிஸ்' நாவலில் இரண்டு ஆண்கள் கடைசியில் ஒன்றுசேர்கிறார்கள். ஆணும் ஆணும் உறவுகொள்வதை இங்கிலாந்தின் சட்டம் 1967 வரை குற்றமாக வைத்திருந்தது. உயிரோடு இருந்தவரை அவர் அதை வெளியிடவே இல்லை. இறந்த மறுவருஷம், 1971இல்தான் புத்தகம் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் பாட்ரீசியா ஹைஸ்மித் 1952இல் வந்த ஒரு நாவலில் இரண்டு பெண்களின் காதலை நம்பிக்கையோடு முடித்தார், அதுவும் புனைபெயரில். வாசகர்கள் நன்றி சொல்லிக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். அப்படியொரு முடிவுக்கு அவ்வளவு பேர் ஏங்கியிருக்கிறார்கள்.

மருத்துவமனைக் கதையை எழுதியவரிடம் இன்னொரு கதை கேட்டு வாங்குங்கள். அதற்காக அடுத்த சிறப்பிதழ் வரை காத்திருக்க வேண்டாம், வழக்கமான இதழிலேயே மற்ற கதைகளோடு சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்