நமுத்த தீப்பெட்டி

கோத்தகிரி,
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே ஒரு வாரமாக விடாத மழை, கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. நேற்று ராத்திரி மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று தீப்பெட்டியை எடுத்தால் நமுத்துக் கிடக்கிறது. ஐந்து குச்சி வீண், ஆறாவது பிடித்தது. மீதியில் எத்தனை தேறும் என்று தெரிய வேண்டுமானால் அத்தனையையும் உரசியாக வேண்டும். உரசி முடித்தால் பெட்டி காலி. உன் மகள் பார்க்கும் குண்டுச் சோதனை வேலையும் இதுதானே என்று இருட்டில் சிரித்துக்கொண்டேன்.

'10 குண்டு சுட்டோம், பத்தும் வெடித்தது, அப்புறம் என்ன சந்தேகம்?' என்று அவளுடைய மேலதிகாரி கேட்டாராமே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்புகிறவர் போலிருக்கிறது. ஒரே உலையில், ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு அது சரி. ஒரு குண்டை வெடிக்க வைக்கும் ஃப்யூஸில் உள்ள கோளாறு பக்கத்துக் குண்டில் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? நூற்றுக்கு 20 வெடிக்காத சரக்கிலிருந்து பத்தை எடுத்துச் சுட்டால்கூட, பத்தும் வெடித்துவிட நூற்றுக்குப் பத்து வாய்ப்பு உண்டு. பத்து 0.8-ஐ ஒன்றோடொன்று பெருக்கிப் பார். நூற்றுக்குக் குறைந்தது 90 வெடிக்கும் என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, ஒன்றுகூடப் பிசகாமல் 22 சுட வேண்டும். ஒன்று பிசகலாம் என்று முன்பே ஒத்துக்கொண்டால் 38. பிசகிய பிறகு, 'அதைக் கணக்கில் சேர்க்காதே' என்பதுதான் பெரிய கூத்து. அவளை அதற்கு மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்.

சரி, ஏவுகணை என்றால் 22-க்கு எங்கே போவது? 1943-லேயே அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார்: அனுபவப்பட்ட ஆள் பாதியிலேயே முடிவைச் சொல்லிவிடுவாரே, பிறகு ஏன் மீதியையும் சுட்டுத் தீர்க்க வேண்டும்? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்ட் அதற்குக் கணக்கு போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும், அதுவரை வெடித்தவை எத்தனை என்று இரண்டு கோடு போட்ட தாளில் குறித்துப் பார். மேல்கோட்டைத் தாண்டினால் சரக்கை எடுத்துக்கொள், கீழ்க்கோட்டைத் தாண்டினால் தள்ளிவிடு, நடுவில் நின்றால் இன்னொன்று சுடு. சராசரியாகப் பாதிக் குண்டு மிச்சம். யுத்த காலத்தில் 1945 வரை இதை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். திரும்பி வந்த விமானங்களின் துளைகளைப் பார்த்து, திரும்பி வராதவற்றுக்கு என்ன ஆயிற்று என்று கணக்கிட்டவரும் இவர்தான்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே வேறு. இந்திய அரசு அழைத்து, பாடம் சொல்ல வந்தவர் வால்ட். 1950 டிசம்பர் 13-ம் தேதி அவரும் மனைவியும் வந்த ஏர் இந்தியா விமானம் நம் கோத்தகிரிப் பக்கத்து மலையில்தான் மோதியது. யாரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 48. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு இது போன மாதம்தான் தெரியும். இப்போது மஞ்சு இறங்கி மலை மறையும்போதெல்லாம் அந்த ஞாபகம் வருகிறது.

மழை விட்டதும் மகளையும் அழைத்துக்கொண்டு வா. வரும்போது கீழே மேட்டுப்பாளையத்தில் ஒரு பண்டல் தீப்பெட்டி வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டு வா. கடைக்காரர் எதிரில் ரெண்டு குச்சியாவது உரசிப் பார்.

அன்புடன்,
ராஜு