நாகப்பட்டினத்துக் காற்று: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

பாய்மரக் காலத்துக் கடற்போரை ஆழமாகப் படிக்க எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது.

ஆங்கிலத் தளபதி நெல்சன் பேர் வாங்கிய டிரஃபால்கர் கடற்போரில் தொடங்காதே. அங்கே போனால் நெல்சனைத் தாண்டி வெளியே வர முடியாது. ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு அடிவரைக்கும் போ. நம் கரையோரம் நடந்ததே இருக்கிறது: 1782 ஜூலை 6, நாகப்பட்டினம். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன், ஆங்கிலத் தளபதி ஹியூஸ், ஆளுக்கு 11 போர்க்கப்பல். காலையில் தென்மேற்குக் காற்று. காற்று வரும் பக்கத்தில் ஹியூஸ் இருந்ததால் எப்போது நெருங்குவது என்பது அவர் கையில். பதினொரு மணிவாக்கில் பீரங்கிகள் முழங்கின. மதியம் நம் வீட்டு ஜன்னலைப் படாரென்று அடிக்குமே, அந்தக் கடற்காற்று திடீரென்று தெற்கிலிருந்து புகுந்தது. அவ்வளவுதான், இரண்டு பக்கத்துக் கப்பல் வரிசையும் கலைந்துபோனது. செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் சரணடையக் கொடியை இறக்கச் சொல்ல, அதிகாரிகள் மறுத்துவிட்டுத் திரும்பவும் சுட்டார்கள். ஒரு கப்பலும் மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்களில் 178 பேரும் ஆங்கிலேயர்களில் 77 பேரும் செத்தார்கள்.

முதலில் அமெரிக்கரான மஹன் 1890இல் எழுதிய கடல் வலிமை நூலில் இந்தப் பகுதியைப் படி. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கடற்படை அதிகாரி என்பதால் காற்றை நன்றாகச் சொல்வார். ஆனால் தன் கொள்கையை நிலைநாட்ட எழுதுகிறவர், அதை மறக்காதே. அப்புறம் ஆங்கிலக் கடற்படை அதிகாரி ரிச்மண்ட். 1763 முதல் 1783 வரை இந்தியக் கடலில் இருந்த ஆங்கிலக் கடற்படைக்கென்றே ஒரு தனிப் புத்தகம், 1931இல் வந்தது. கப்பலில் என்ன தின்றார்கள், ஆட்களை எப்படிச் சேர்த்தார்கள் என்பதற்கு ஆங்கிலக் கடற்படை வரலாற்றாசிரியர் ரோட்ஜர். இந்த மூவரில் அவரைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

இதெல்லாம் படித்த பிறகு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போ. நீ இருக்கும் லண்டனிலேயே இருக்கிறது. வாசகர் அட்டைக்குக் காசு கிடையாது. ஆங்கிலக் கேப்டன்களின் பயணக் குறிப்பேடுகள் அங்கே இருக்கின்றன. ஹியூஸ் நின்ற சூப்பர்ப் கப்பலுடையதைக் கேட்டுப் பார். ஒன்றை மட்டும் கவனி: அன்றைய மாலுமிகளுக்கு நாள் பிறப்பது நண்பகலில். ஜூலை 6 மதியத்துக்குப் பின் நடந்ததை 7ஆம் தேதியில் எழுதியிருப்பார்கள். காலைச் சண்டை ஒரு தேதியில், காற்று மாறியது அடுத்த தேதியில். இது தெரியாமல் போனால் பாதிப் போரைக் காணோமே என்று தேடிக்கொண்டிருப்பாய்.

போனில் படம் எடுக்க விடுவார்கள். காற்றைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தை மட்டும் முதலில் எடுத்து அனுப்பு, மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். எத்தனை மணிக்குக் காற்று திரும்பியது என்று அந்தக் கப்பலில் இருந்தவன் கையெழுத்திலேயே பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

அன்புடன்,
அப்பா