உணவறை மேசை குறித்து, தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு மடல்

அன்புள்ள நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் பள்ளி வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தீர்கள். பெற்றோர் பிள்ளைகளை வாசலிலேயே விட்டுவிட்டுச் செல்ல வேண்டும், வகுப்பு முடியும்வரை உணவறையில் யாரும் உட்காரக் கூடாது என்று அதில் இருந்தது. அந்த உணவறையின் ஜன்னலோர மேசையில் மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. கட்டடம் நம்முடையதல்ல. வார நாட்களில் அது நகராட்சிப் பள்ளி; சனிக்கிழமை மட்டும் நமக்கு வாடகைக்குத் தருகிறார்கள். மேசையில் படிந்த காபிக் கறைக்காகத் திங்கட்கிழமை பேச்சு வாங்கியவர்கள் நீங்கள்தான். எங்கள் சிரிப்புச் சத்தம் மூன்றாம் வகுப்பு வரை கேட்டது என்று ஆசிரியை சொன்னதும் உண்மை. அன்றைக்குச் சிரித்ததில் பெரிய குரல் என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் போக்கிடம் இல்லாமல் பொழுதுபோக்க உட்கார்ந்திருக்கிறோம் என்று எண்ணிவிட்டீர்களே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

கும்பகோணத்திலிருந்து நார்வேயின் ஆஸ்லோவுக்கு நான் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது குழந்தைகள் நல நிலையத்துச் செவிலியர், "வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள். நார்வேஜிய மொழி அவனுக்குத் தானாக வந்துவிடும்" என்றார். நல்ல அறிவுரை. ஆனால் அந்த வீட்டில் பேச யார் இருந்தார்கள்? கணவருக்குப் பாதி நாள் மாலை வேலை. மகனுக்கு ஒரு வயது முடிந்ததும் மழலையர் பள்ளியில் இடம் கிடைத்தது, நானும் வேலைக்குப் போனேன். காலை எட்டு மணிக்கு விட்டால் மாலை நாலரைக்குத்தான் கூட்டிவருவேன். ஏழு மணிக்குப் படுக்கை. இடையில் இருக்கும் இரண்டரை மணி நேரத்தில் நான் பேசிய தமிழை நினைத்துப் பார்க்கிறேன். கையைக் கழுவு. சாப்பிடு. சிந்தாதே. பல் விளக்கு. போதும், தூங்கு. எல்லாம் ஏவல்.

நான்கு வயதில் ஒருநாள் அவன் தன் கரடி பொம்மையோடு விளையாடுவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். கரடியை அதட்டும்போது தமிழில் அதட்டினான். மடியில் போட்டுக் கொஞ்சும்போது நார்வேஜிய மொழியில் கொஞ்சினான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாரம்தான் அவனை உங்கள் பள்ளியில் சேர்த்தேன். ஆசிரியைகள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அ, ஆ சொல்லிக் கொடுத்தார்கள், ஆத்திசூடி சொல்லிக் கொடுத்தார்கள், ழகரத்துக்கு நாக்கை மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் வகுப்பு மூன்று மணி நேரம் என்றால் நடுவில் இடைவேளை உண்டு. இடைவேளையில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது எந்த மொழியில் என்று உங்களுக்கும் தெரியும். அந்த நேரத்தில் என் மகன் ரொட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு ஓடிவருவான், மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வான். நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்குக் காத்திருந்தவன் திடீரென்று, "அம்மா, அந்தப் பெரியம்மாவுக்கு முழங்கால் வலியாம். படியே ஏற முடியவில்லையாம், பாவம்" என்றான். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வலி என்ற சொல் அவனுக்கு முன்பே தெரியும். இந்த 'ஆம்' எங்கிருந்து வந்தது? பிறர் சொல்லிக் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லும்போதுதானே அது வாயில் வரும்? பல் விளக்கச் சொல்லும் அம்மாவுக்கு அது தேவைப்படுவதே இல்லை. நான்கு பெண்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால் நிமிடத்துக்கு ஒரு முறை விழுகிறது. நீங்கள் வம்பு என்று நினைப்பதில்தான் அவன் அதைப் பொறுக்கியிருக்கிறான்.

'நீங்கள்' வந்ததும் அங்கிருந்துதான். இந்த நாட்டில் யாரையும் 'டூ', அதாவது 'நீ' என்றுதான் கூப்பிடுகிறோம், ஆசிரியரானாலும் அமைச்சரானாலும். வீட்டில் நான் அவனை 'நீ' என்கிறேன். ஆக, எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் 'நீ' என்பது அவனுக்கு இயல்பாகிவிட்டது. வீடியோ அழைப்பில் என் மாமனாரிடம், "தாத்தா, நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டான். அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த அவருடைய தங்கை சிரிக்கவில்லை. அதை இந்த மேசையில் சொல்லிப் புலம்பியபோது முதலில் தலையாட்டியவர் எங்கள் போலந்துத் தோழி. அவருடைய கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். சனிக்கிழமை அவருக்கு வேலை என்பதால் பிள்ளையோடு இவர் வருகிறார். போலந்து மொழியில் பெரியவர்களை 'பான்', 'பானி' என்று சொல்லித்தான் பேச வேண்டுமாம். அவருடைய மகளும் ஊரில் பாட்டி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மாளைச் சமவயதுக்காரி போல் விளித்துவிட, பாட்டி வெட்கப்பட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாராம். இருவரும் நார்வேஜிய மொழியில் இதைப் பேசி, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆசிரியைக்குக் கேட்ட சிரிப்பு அதுதான்.

எங்கள் மேசையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். தன் ஆறு வயது மகளையே "வாங்கோ, இருங்கோ" என்றுதான் கூப்பிடுவார். என் மகன் அதைக் கேட்டுக் கேட்டு எல்லாரையும் 'வாங்கோ' என்று அழைக்கத் தொடங்கினான். கும்பகோணத்தில் அவனைக் கேலி செய்தார்கள், எனக்கோ பெருமையாக இருந்தது. இன்னொன்றும் அந்த அக்காவிடமிருந்து வந்தது. நார்வேஜிய மொழியில் அம்மாவின் அம்மா 'மூர்மூர்', அப்பாவின் அம்மா 'ஃபார்மூர்'. எங்கள் வீட்டில் இருவரும் பாட்டிதான். எந்தப் பாட்டி என்று அவன் ஒவ்வொரு முறையும் குழம்புவான். "அம்மம்மா, அப்பம்மா என்று சொல்லிக் கொடும்" என்றார் அக்கா. மூர்மூர் அம்மம்மா, ஃபார்மூர் அப்பம்மா. சொல்லுக்குச் சொல் அப்படியே பொருந்தியது. ஒரே நாளில் பிடித்துக்கொண்டான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிப்ரவரியில் என் அப்பா இறந்துபோனார். செய்தி வந்தது ஒரு வியாழக்கிழமை இரவு. டிக்கெட் ஒன்றுதான் கிடைத்தது. மகனை ஒன்பது நாள் அந்த அக்காதான் வைத்திருந்தார். மழலையர் பள்ளிக்கு அழைத்துப் போனது போலந்துத் தோழி. நான் திரும்பி வந்தபோது அவன் வாசலுக்கு ஓடிவந்து, "அம்மா, நான் உங்களோடு நிறையக் கதைக்க வேண்டும்" என்றான். இவர்களை எனக்கு எந்த அலுவலகமும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. உங்கள் உணவறையில், மழைக்கும் பனிக்கும் ஒதுங்கி உட்கார்ந்த இடத்தில் கிடைத்தார்கள்.

உங்களில் மூத்தவர்கள் எண்பதுகளில் இங்கே வந்தவர்கள். வடக்கே பின்மார்க்கின் மீன் ஆலைகளில் நின்று வேலை செய்த கதைகளை நீங்களே விழா மேடைகளில் சொல்லியிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் சூரியனே எழாத அந்த ஊர்களில், வேலை முடிந்ததும் யாரோ ஒருவருடைய அறையில் கூடிச் சமைத்துச் சாப்பிட்டதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறிவிடும். அந்த அறையில் யாராவது தாள் ஒட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஒரு சின்னக் கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா என்றால் வடை சுடத் தாய்மார்கள் வேண்டும். ஆண்டு விழாவுக்கு முன்னூறு பேருக்குச் சம்பல் அரைக்கவும் ஒப்பனை செய்யவும் நாற்காலி அடுக்கவும் தாய்மார்கள் வேண்டும். அதற்கெல்லாம் 'டுக்னாட்' என்று இந்த ஊர்ச் சொல்லையே சொல்லி அழைக்கிறீர்கள். எல்லாரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. செய்கிறோம். வேலை இல்லாத நாளில் மட்டும் நாங்கள் இடைஞ்சலா?

உணவறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. வகுப்புகளிலிருந்து தள்ளி, கீழ்த்தளத்தில் கைவேலை அறை சனிக்கிழமைகளில் பூட்டியே கிடக்கிறது. அதைக் கேட்டுத் தாருங்கள். இடைவேளையில் பிள்ளைகள் அங்கே வந்துபோக அனுமதியுங்கள். துடைப்பதற்கு முறை வைத்துப் பெயர்ப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம். முதல் இரண்டு வாரம் என் பெயர். காபியை வீட்டிலிருந்தே பிளாஸ்கில் கொண்டுவருவோம். கூடுதல் வாடகை கேட்டால் எங்களுக்குள் பிரித்துக் கொடுக்கவும் தயார்.

குழுக் கூட்டம் வரும் வியாழக்கிழமை என்று கேள்விப்பட்டேன். அதில் பேச ஐந்து நிமிடம் தந்தால் நானும் அக்காவும் வருகிறோம். அதுவரை சனிக்கிழமைகளில் எங்களைத் தேட வேண்டுமென்றால் கார் நிறுத்துமிடத்தில் கடைசி வரிசையில் நிற்கும் நீல நிறக் காரைப் பாருங்கள். முன்னால் இருவர், பின்னால் இருவர். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், தட்டினால் திறப்போம்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா