மன்னிக்கச் சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக நல்லிணக்கம் குறித்துச் சென்ற இதழில் தாங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். "படிப்பறிவில் பின்தங்கிய தர்மபுரி போன்ற மாவட்டங்களில் மறப்போம், மன்னிப்போம் என்னும் பெருந்தன்மை இன்னும் வேரூன்றவில்லை" என்ற வரி, அரூர் வட்டாரத்தில் ஆயுளெல்லாம் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்ற என்னைச் சுருக்கென்று தைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி இடம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கில் 82 சதவீதத்தைத் தாண்டிய திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியல் சாதி மாணவனைச் சாதிப் பகையால் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்தவர்கள்தாம் என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர்.

வாச்சாத்தி எங்கள் அரூருக்கு அருகில்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்து, பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து, வீடுகளைச் சூறையாடியவர்கள் கைநாட்டுப் பேர்வழிகள் அல்லர். வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறைகளிலும் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர்கள். இந்திய வனப்பணி அதிகாரிகளும் அவர்களில் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், இறந்தவர்கள் போக, மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011இல். மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023இல். குற்றமே செய்யவில்லை என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர்களை அந்தப் பெண்கள் எதைச் சொல்லி, எப்படி மன்னித்திருக்க வேண்டும் என்று தங்கள் தலையங்கம் எதிர்பார்க்கிறது?

தென்னாப்பிரிக்காவையும் மண்டேலாவையும் உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்களை விசாரிக்க, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அங்கே அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் கேட்டவருக்கெல்லாம் மன்னிப்பை வாரி வழங்கிவிடவில்லை. செய்த குற்றத்தை ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டால்தான் பொதுமன்னிப்பு என்பது அங்கே நிபந்தனை. 7,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தும் 849 பேருக்குத்தான் கிடைத்தது. தாங்கள் அந்த நிபந்தனையை விட்டுவிட்டு மன்னிப்பை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடிக் கொளுத்தப்பட்டபோது, எரிந்த பொருள்களில் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் இருந்தன. அதைப் பற்றி அப்போது நான் எழுதிய கடிதம் இடமின்மையால் வெளியாகவில்லை என்று தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அந்த வாரத்து இதழில் ஒரு நடிகர் தம் நாய்க்குட்டிக்குப் பெயர் சூட்டிய செய்தி அரைப் பக்கம் வந்திருந்தது. இதை இப்போது சொல்லிக்காட்டுவது நாகரிகமல்ல என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கல்வியால் பகை தணியாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். எந்தக் கல்வி என்பதுதான் கேள்வி. என் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்தவர் யார் என்று தெரிந்ததும், ஒரு பாட்டி தினமும் பேரனுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவரத் தொடங்கினார். நான் அவரைத் தடுக்கவில்லை. வராந்தாவில் உட்காரச் சொல்லி, தினமும் அவரோடு பேசினேன். நானும் மற்ற ஆசிரியர்களும் பிள்ளைகளின் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைத்தோம். கடைசியில் பேரன் பந்திக்கு வந்தது என் அறிவுரையால் அல்ல, மிளகு முட்டையால். வந்தவன் திரும்பிப் போகவில்லை, பாட்டியும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வு பெற்ற நீதியரசர் சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இந்த அகர வரிசை இருக்கையைப் பரிந்துரைத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்கவும் சொன்னது. கல்வி, கல்வி என்று பல முறை எழுதிய தங்கள் தலையங்கத்தில் இந்த அறிக்கையைத் தேடிப் பார்த்தேன். காணவில்லை.

பேச்சுவார்த்தையால் தீராதது எதுவுமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் பேச்சுவார்த்தையை நேரில் பார்த்தவள். சுடுகாட்டுப் பாதைத் தகராறு ஒன்றில், இரு தெருப் பிள்ளைகளும் என் பள்ளியில் படித்ததால், வட்டாட்சியர் அலுவலகத்தில் நடந்த அமைதிக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பாதையை மறித்தவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். பாதை கேட்டவர்கள் சுவரோரம் நின்றார்கள். தேநீர் வந்தது, முன் வரிசையோடு நின்றுவிட்டது. பாதை கேட்டுப் பேசிய பையன் என்னிடம் படித்தவன், பட்டதாரி. அவனைப் பார்த்து, "குரலை உயர்த்தாதே தம்பி, விட்டுக்கொடுத்துப் போகப் பழகு" என்றார் அதிகாரி. இறுதியில் நீட்டிய தாளில், இரு தரப்பினரும் பழைய விரோதங்களை மறந்து சுமுகமாக நடந்துகொள்வதாக எழுதியிருந்தது. பாதையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவன் அதைச் சுட்டிக்காட்டியபோது, அமைதியைக் கெடுக்க வந்தவன் என்று பெயரெடுத்தான். கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தபோது, ஏரித் தண்ணீரில் இடுப்பளவு நனைந்துதான் பாடையைத் தூக்கிப்போனார்கள். தங்கள் இதழோ, கூட்டம் முடிந்த மறுவாரமே "பேச்சுவார்த்தையில் சுமுகத் தீர்வு" என்று தலைப்பிட்டு, வட்டாட்சியரின் புகைப்படத்தோடு செய்தி வெளியிட்டிருந்தது.

தங்கள் கொள்கையை மாற்றிக்கொள்ளச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு சிறு வேண்டுகோள் மட்டும். இனி இத்தகைய அமைதிக் கூட்டங்களைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, கையெழுத்தான உடன்பாட்டின் வாசகத்தையும் நான்கு வரிகளில் சேர்த்து வெளியிடுங்கள். கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பதை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். தங்கள் நிருபருக்கு நேரமில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, நகலை நானே வாங்கி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
அரூர், தர்மபுரி மாவட்டம்.