பிரித்து விற்கும் அலமாரி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்து மறுபடி மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் முதலில் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கேயும் நல்ல செய்திதான், சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் ஓய்வு பெற்றதிலிருந்து பகலில் படிக்கிறேன், சாயங்காலம் நடக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையில் இனி அலமாரிகளைக் கோத்து அனுப்ப வேண்டாம், பலகையாகவே பெட்டியில் போட்டு விற்கலாம், ஸ்வீடன் ஃபர்னிச்சர் கம்பெனி ஐகியா உலகம் முழுக்க அப்படித்தானே வளர்ந்தது என்று தம்பி உன்னோடு தினமும் வாதாடுகிறான் என்று எழுதியிருந்தாய். சரக்குக் கப்பல் கம்பெனியில் இத்தனை வருடம் ஃபர்னிச்சர் கண்டெய்னர்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால் என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். அவன் சொல்வதில் பாதி சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன், பொறுமையாகப் படி.

இங்வார் காம்ப்ராட் 1943-ல் ஐகியாவைத் தொடங்கியபோது அவருக்கு 17 வயது. ஸ்வீடனின் தெற்கே ஸ்மோலாந்து என்கிற பகுதி, கல்லும் காடுமான மண், சிக்கனத்துக்குப் பேர்போன ஜனங்கள். பேனா, பர்ஸ், படச்சட்டம் என்று தபாலில் விற்றுக்கொண்டிருந்தவர் 1948-ல்தான் மேஜை நாற்காலி பக்கம் வந்தார். தபால் வியாபாரத்தில் போட்டிக்காரர் விலையைக் குறைத்தால் இவரும் குறைக்க வேண்டும், விலை குறையக் குறையத் தரமும் இறங்கும், படத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்களின் புகாரும் ஏறும். அதனால் 1953-ல் எல்ம்ஹுல்ட் என்கிற சின்ன ஊரில் ஒரு ஷோரூம் திறந்தார். வந்து தொட்டுப் பார், இழுப்பறையை இழுத்துப் பார், மலிவானதையும் உசத்தியானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், அப்புறம் ஆர்டர் கொடு. முதலில் நம்பிக்கையைத்தான் சம்பாதித்தார்கள், பிரித்து விற்பதெல்லாம் அதற்கு அப்புறம் வந்தது. தம்பிக்கு இந்த வரிசையை நீ கட்டாயம் சொல்ல வேண்டும்.

1956-ல் கில்லிஸ் லுண்ட்கிரென் என்கிற அவர்களுடைய வடிவமைப்பாளர், ஒரு மேஜையைக் காரில் ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றி உள்ளே வைத்தாராம், அங்கிருந்து பிறந்ததுதான் பிரித்துப் பெட்டியில் அடைத்து விற்கும் யோசனை என்பது கம்பெனி சொல்லும் கதை. ஸ்வீடனிலேயே அவர்களுக்கு முன்பு இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. ஆனால் மொத்த வியாபாரத்தையும் அதன் மேல் கட்டியது இவர்கள்தான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைப் போல் சரக்கு ஏற்றியவனுக்கு நன்றாகவே தெரியும். கோத்து முடித்த நாற்காலியை கண்டெய்னரில் அடுக்கினால் பாதிக்கு மேல் காற்றுதான், அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் கப்பல் வாடகை. ஐகியாவில் ‘பேங்’ என்றொரு மலிவு விலைக் கோப்பை இருந்தது. முதலில் ஒரு பேலட்டில், அதாவது சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டில், 864 கோப்பைதான் அடங்கியது. உயரத்தைக் குறைத்து, கைப்பிடியை மாற்றி, கடைசியில் அதே பேலட்டில் 2,024 கோப்பை வைத்தார்கள். விற்பது ஒரு கோப்பை, அதன் வடிவத்தைத் தீர்மானிக்கிற மேஜையில் லாரியும் கப்பலும் கூட உட்கார்ந்திருக்கின்றன. நான் வேலையில் இருந்தபோது எத்தனையோ ஃபர்னிச்சர் பார்ட்டிகளிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், வடிவமைப்பு முடிந்து, அச்சு செய்து, சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் வாடகையைப் பற்றிப் பேசுவார்கள்.

எதிர்ப்பும் அவர்களை வளர்த்தது. மலிவு விலை பிடிக்காத ஸ்வீடன் வியாபாரிகள் 1950-களில் கண்காட்சிகளில் இவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது, உற்பத்தியாளர்கள் இவர்களுக்குச் சரக்கு தரக் கூடாது என்று நெருக்கினார்கள். வேறு வழியில்லாமல் சொந்தமாக வடிவமைக்க ஆரம்பித்தார்கள், 1960-களின் தொடக்கத்தில் போலந்துக்குப் போய் அங்கே செய்து வாங்கினார்கள். அப்புறம் 1963-ல் நார்வே, 1973-ல் சுவிட்சர்லாந்து, அடுத்த வருடம் ஜெர்மனி, 1985-ல் அமெரிக்கா என்று கடைகள் பரவின. உரிமையாளர் யார் என்பது ஒரு தனிச் சிக்கல். அறக்கட்டளை, உரிமம் கொடுக்கும் கம்பெனி, கடை நடத்தும் கம்பெனி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், விற்பனையில் 3 சதவீதம் உரிமக் கட்டணமாகப் போகிறது. பங்குச் சந்தைக்கு வராததால் காலாண்டு லாபத்துக்காக ஓட வேண்டியதில்லை. வரியைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்ற குற்றச்சாட்டும் உண்டு, 2017-ல் ஐரோப்பிய ஆணையமே அதை விசாரிக்க ஆரம்பித்தது. அதெல்லாம் உன் பட்டறைக்கு வேண்டாத விஷயம், விட்டுவிடலாம்.

உனக்கு வேண்டியது 1965-ல் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் குங்கென்ஸ் குர்வாவில் நடந்தது. புதுக் கடை திறந்த அன்றைக்கே ஆயிரக்கணக்கில் கூட்டம். கிடங்கிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுக்க ஆள் போதவில்லை, ஜனங்கள் வரிசையில் நின்று அலுத்துப்போனார்கள். சரி, நீங்களே உள்ளே போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கிடங்கைத் திறந்துவிட்டார்கள். 1970-ல் அந்தக் கடை தீப்பிடித்து, 1971-ல் திரும்பத் திறந்தபோது அதையே ஒரு முறையாக்கிவிட்டார்கள். ஆக, பெட்டியைத் தேடி எடுப்பது, வண்டியில் ஏற்றுவது, வீட்டில் கோப்பது, மூன்றும் வாங்குகிறவர் வேலை. விலை குறைந்ததில் ஒரு பெரிய பங்கு அவருடைய கூலிதான். அதை அவர் கையிலேயே விலைக் குறைப்பாகத் திருப்பிக் கொடுக்கும்வரைக்கும் இது நியாயமான ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒருத்தரிடம் வேலை வாங்கினால் அவர் கை தடுமாறாமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் உனக்கு வந்துவிடும். போன மாதம் சின்னவளுக்காக ஒரு ‘பில்லி’ புத்தக அலமாரி கோத்தேன், 1979-லிருந்து விற்கிற அதே அலமாரி, கால்களைக் கழற்றிய அதே லுண்ட்கிரென் வடிவமைத்ததுதான். செய்முறைத் தாளில் ஒரு எழுத்து கிடையாது, எல்லாம் படம். தனியாக நிற்கிற மனிதன் முகம் வாடியிருக்கிறான், அவன் மேல் குறுக்கே கோடு. பக்கத்தில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எந்த மொழிக்காரருக்கும் புரிந்துவிடும், இன்னொரு ஆளைக் கூப்பிடு என்று. பக்கப் பலகையில் துளை ஏற்கெனவே சரியான இடத்தில் போட்டிருக்கிறது, அளவெடுக்க வேண்டியதில்லை. பின்பக்கத்து மெல்லிய அட்டைப் பலகை பொருந்துகிறவரை சட்டம் முழுக்க இப்படியும் அப்படியும் ஆடும். அதைப் பொருத்தியதும் நான்கு மூலையும் நேராகி அசையாமல் நிற்கும். உனக்கு இது புதுசில்லை, நீ கையால் மூலை மட்டம் பிடிப்பவன். ஆனால் மட்டம் பிடிக்கத் தெரியாத ஒருத்தர் கையிலும் மூலை நேராக வர வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அந்த யோசனைக்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.

எல்லாரும் கோக்கவும் மாட்டார்கள். ஜப்பானில் 1974-ல் நுழைந்தவர்கள் 1986-ல் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. வீடுகள் சின்னவை, சாமானோ ஐரோப்பிய அளவு, பெட்டியைத் தூக்கிப்போய்த் தானே கோக்கிற பழக்கம் அங்கே பலருக்கு இல்லை. 2006-ல் திரும்பி வந்தபோது அங்கத்து வீட்டு அளவுக்கே மாதிரி அறைகள் அமைத்து, வீட்டுக்கே கொண்டுவந்து கோத்துக் கொடுக்கிற சேவையையும் சேர்த்துத்தான் வந்தார்கள். அமெரிக்காவில் 2017-ல் டாஸ்க்ராபிட் என்ற கம்பெனியையே வாங்கினார்கள், அதில் கோத்துத் தருகிற ஆளை வரவழைக்கலாம். வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் இவர்களையெல்லாம் நினைத்துப் பார், அவர்களிடம் ஆலன் கீயை, அதான் பெட்டியோடு வரும் அந்த வளைந்த திருகுச் சாவியை, கொடுத்துவிட்டு விலை குறைவு என்று சொன்னால் போதுமா?

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். ஐகியாவின் ‘மால்ம்’ இழுப்பறைப் பெட்டி பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். சுவரோடு சேர்த்துத் திருகாமல் வைத்தால், குழந்தை இழுப்பறைகளைத் திறந்து அதில் ஏறும்போது முழுப் பெட்டியும் முன்னால் சாயும். சுவரில் மாட்டுங்கள் என்று தாளில் போட்டிருந்தது, மாட்டும் சாமானும் கூடவே இருந்தது. ஆனாலும் எத்தனையோ வீடுகளில் மாட்டவில்லை, வாடகை வீட்டுச் சுவரில் துளை போட யோசிப்பவர்கள் எத்தனை பேர்! குழந்தைகள் செத்தார்கள். 2015-ல் சுவரில் மாட்டுகிற சாதனத்தை இலவசமாகத் தருகிறோம் என்று அறிவித்தார்கள், அதற்குப் பிறகும் ஒரு குழந்தை போனது. 2016-ல்தான் அமெரிக்காவில் 2 கோடியே 90 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்த வருடக் கடைசியில் மூன்று குடும்பங்களுக்கு 5 கோடி டாலர் கொடுத்தார்கள். 2022-ல் அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் வந்தது. சுவரில் மாட்டினால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட இழுப்பறைகள் திறக்கும் என்கிற மாதிரி ஒரு அமைப்பையும் அவர்களே செய்தார்கள். அந்த யோசனை முதலிலேயே வந்திருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பெட்டியை எடுக்கச் சொல்லலாம், கோக்கச் சொல்லலாம். அதில் தப்பு நடந்தால் ஒரு பலகை கோணலாகும், ஒரு சாயங்காலம் வீணாகும். ஆனால் அலமாரி சாயாமல் நிற்பதை வாங்குகிறவர் பொறுப்பில் விடவே கூடாது, அதைப் பட்டறையிலேயே முடித்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். அடிப்பாகத்தைக் கனமாக்கு, இழுப்பறையின் ஆழத்தைக் குறை, ஒன்று திறந்தால் மற்றது பூட்டிக்கொள்கிற மாதிரி செய். செலவு கூடும், விலையும் கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

தம்பி கெட்டிக்காரன், சொன்னால் புரிந்துகொள்வான். அவனுடைய யோசனையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே. முதலில் ஒரே ஒரு சாமானை, ஒரு சின்ன மேஜையை, பிரித்து விற்றுப் பாருங்கள். தச்சு வேலையே தெரியாத இரண்டு பேரை உட்கார வைத்து, நீ வாயைத் திறக்காமல், அவர்கள் கோப்பதைப் பார். எந்தத் திருகாணியில் கை நிற்கிறது, எந்தப் பலகையைத் திருப்பி வைக்கிறார்கள் என்று குறித்துக்கொள். கோத்து முடித்தபின் அவர்களுக்கு வருகிற பெருமையையும் பார். தானே கோத்த பொருளுக்கு ஜனங்கள் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள், அதற்கு ‘ஐகியா விளைவு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சோதனையிலேயே, கோத்து முடிக்காமல் பாதியில் நின்றவர்களிடம் அந்தக் கூடுதல் மதிப்பு காணாமல் போனது. முடிக்க முடிகிற வேலையாகக் கொடுப்பது உன் கையில்தான் இருக்கிறது. கோத்துக் கொடுக்கிற ஆளையும் இப்போதே பேசி வை, அந்தக் கூலியைத் தனியாகச் சொல்லிவிடு, வேண்டும் என்பவர் வாங்கிக்கொள்ளட்டும்.

கடன் வாங்கி இரண்டாவது கடை போடுவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். மேஜை எப்படிப் போகிறது என்று தெரிந்த பிறகு பேசுவோம். அதுவரைக்கும், தம்பி பிரித்து விற்க நினைக்கிற அந்த அலமாரியின் படத்தை எனக்கு அனுப்பு, பெட்டியின் நீளம், அகலம், உயரம், எடை நான்கும் வேண்டும். லாரியில் எத்தனை ஏறும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன், எனக்கும் வேலை செய்த மாதிரி இருக்கும். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். படியில் இறங்கும்போது அவசரப்பட வேண்டாம் என்றும் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்